ஏழாவது வேட்டு

கம்பைநல்லூர் பக்கம்,
4.2.1969

அன்பும் மதிப்பும் உள்ள அண்ணனுக்குத் தங்கை ராஜாமணி எழுதுவது. இந்த நிமிஷம் வரை நானும் பிள்ளைகளும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அண்ணியின் சுகத்துக்கும் குழந்தைகள் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். நீங்கள் ஜெபிப்பதை விட்டுவிட்டீர்கள், அதனால் உங்கள் பங்கையும் நானே சேர்த்துச் செய்துகொள்கிறேன்.

வருஷப் பிறப்பு ஆராதனையில், விடுதிப் பிள்ளைகளுக்குக் கிணறு வெட்ட வேண்டும், அவரவர் முடிந்ததைப் படையுங்கள் என்று போதகர் கேட்டார். ஒருவர் கன்றுக்குட்டி தருகிறேன் என்றார். இன்னொருவர் மரம் தருகிறேன் என்றார். நான் ஒரு சேவலை மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன். உங்கள் மாப்பிள்ளை எழுந்து நின்றார். என்னிடம் இருப்பது பாறை உடைக்கிற கை, என் மச்சான் குவாரியில் கற்றுக்கொடுத்த தொழில், அதைக் கர்த்தருக்குக் கொடுக்கிறேன், தண்ணீர் வரும்வரை கூலி வேண்டாம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சேவல் கொடுக்க இருந்த வீட்டில் ஆளையே கொடுத்தாயிற்று. கோபம்தான் வந்தது. ஆனாலும் கோயிலை விட்டு வெளியே வரும்போது அவர் பக்கத்தில் நடக்கக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மண் அள்ள மாதுவும் மாயவனும் வந்தார்கள். பாறை தட்டியதும் மாது கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டான். கிடா வெட்டாம வேட்டு வைக்கக் கூடாதுங்க, ரத்தம் காட்டாத கெணறு ஆளைக் கேக்கும்ங்க என்றான். இவர் ஒரே பிடியாக மறுத்தார். வேலை நின்றுபோகும் போல் இருந்ததால் போதகர் ஒரு வழி சொன்னார். முதல் வேட்டு கேட்டதும் கோயில் மணி அடிப்போம், அதுவே நம் ஸ்தோத்திரமாக இருக்கட்டும் என்றார். ஏதோ ஒண்ணு இருந்தா சரிங்க என்று மாதுவும் ஒத்துக்கொண்டான்.

சனிக்கிழமை இவர் ஏழு துளையில் வெடிமருந்து கெட்டித்துத் திரி வைத்தார். எத்தனை திரி பற்ற வைத்தோமோ அத்தனை சத்தம் காதில் விழ வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லவா வேண்டும். முதல் வேட்டு கேட்டது, உடனே மணி அடித்தது. போதகர்தான் அடித்தார். அடித்தவர் சந்தோஷத்தில் நிறுத்தவே இல்லை. கோயிலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு வேலிதான். மணியும் வேட்டும் கலந்துவிட்டன. இவர் காதில் விழுந்தது ஆறு. மாயவன் ஏழு என்று சத்தியம் செய்கிறான். மாது எண்ணவே இல்லை. இரண்டு வேட்டு சேர்ந்தாற்போல் வெடித்திருக்கலாம். இல்லையென்றால் ஒன்று வெடிக்காமல் உடைந்த கல்லுக்கடியில் கிடக்கிறது. கடப்பாரை முனை அதில் பட்டால் போதும்.

அன்றைக்கே வேலையை நிறுத்திவிட்டார். கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டிருக்கிறார். சாப்பிடும்போது விரலை மடக்கி மடக்கி எண்ணுகிறார், ஆறிலேயே நிற்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுதுங்கள். தொழில் விஷயத்தில் அவர் உங்கள் சொல்லை மட்டும்தான் கேட்பார்.

அன்புத் தங்கை,
ராஜாமணி

---

கம்பைநல்லூர் பக்கம்,
13.2.1969, வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அந்தக் கிணற்றை மூடிவிட்டு வேறு இடத்தில் வெட்டட்டும், யாரும் இறங்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சியப்பன் இப்படித்தான் ஊமை வேட்டைத் தேடிப் போனான், நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது போனான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குவாரியில் உங்களோடு வேலை செய்த அவர் பெயரை இத்தனை வருஷத்தில் நீங்கள் எடுத்தது இப்போதுதான். அன்றைக்குப் பிறகு நீங்கள் கோயில் வாசலை மிதிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும்.

உங்கள் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளையிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். தலையைக் குனிந்தபடி கேட்டார். பிறகு நிதானமாகப் பதில் சொன்னார். மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் வேட்டு செத்துப்போகாது, நாளைக்கு விவரம் தெரியாதவன் எவனாவது அங்கே கடப்பாரை போடுவான், நான் வைத்ததை நான்தான் எடுக்க வேண்டும் என்றார். எனக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கையில் பங்கு இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் ஆபத்து வந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டால் அது கொடுத்ததாகுமா என்றார். அண்ணா, அந்த நேரத்தில் எனக்குக் கர்த்தர் மேலேயே கோபம் வந்தது. இதை உங்களிடம்தான் எழுத முடியும்.

இன்னொன்றும் நடந்துவிட்டது. முந்தாநாள் மேலிருந்து பார்த்தபோது வடக்குப் பக்கக் கல்லெல்லாம் நனைந்திருந்தது. ஊற்று கண்டுவிட்டது. விடுதிப் பிள்ளைகள் இன்னும் மாதுவின் நிலத்துக் கிணற்றுக்குத்தான் குடம் தூக்கிப் போகிறார்கள், அதிலும் தண்ணீர் சேறாகிவிட்டது. கண்ணுக்கு முன்னால் தண்ணீரைக் காட்டிவிட்டு மூடு என்றால் எந்த மனுஷன் மூடுவான். இவர் நிச்சயமாக மூட மாட்டார்.

திங்கட்கிழமை காலை இறங்கப் போகிறார். கடப்பாரை தொடாமல் ஒவ்வொரு கல்லாகக் கையால் எடுத்துக் கூடையில் வைப்பாராம். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்து, அவர் சொல்கிறபோது இழுக்க வேண்டும், சொல்கிறபோது நிறுத்த வேண்டும். கூடை ஆடிக் கல் விழக் கூடாது. எட்டிப் பார்த்தபடி நிற்கிறவருக்கும் ஆபத்து உண்டு என்பதை மறைக்காமலே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மாயவன் வரவில்லை. ஏழு என்று சத்தியம் செய்தவன்தான். மாது அழுதேவிட்டான், எம் பொண்டாட்டி மாசமா இருக்காங்க சாமி என்றான். போதகர் தானே பிடிப்பதாக வந்து நின்றார். மணி அடித்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, கயிற்றை இழுத்துப் பிடிக்க உடம்பில் தெம்பில்லை. இவர் அவரைக் கட்டிப்பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அண்ணா, இறங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. அதை நானே சொல்லிப் பார்த்துத் தோற்றுவிட்டேன். கயிற்றைப் பிடிக்க வாருங்கள் என்று கேட்கிறேன். கூடப் பிறந்தவனை இப்படிக் கூப்பிடலாமா என்று யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன். பச்சியப்பனுக்கு நடந்ததைப் பார்த்த கண்ணை மறுபடியும் ஒரு குழிக்குள் பார்க்கச் சொல்வது பாவம்தான். ஆனால் கீழே இருக்கிறவர் குரலைக் கேட்டே கல்லின் எடை தெரிகிற ஆள் நீங்கள். அந்தக் கையை நம்பி அவர் இறங்கினால் எனக்கு மூச்சு வரும்.

ஞாயிற்றுக்கிழமை பங்காருப்பேட்டையில் வண்டி ஏறி, ஜோலார்பேட்டையில் மாறி, மொரப்பூரில் இறங்குங்கள். ஸ்டேஷனில் நான் நிற்பேன். நீங்கள் கோயிலுக்கு வர வேண்டாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். கிணற்றுக்கு வந்தால் போதும். அவர் ஏறி வருகிறவரை யாரும் மணியைத் தொடக் கூடாது என்று போதகர் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிவிட்டார். அவர் ஏறி வந்த பிறகு உங்களுக்கு மனசிருந்தால் நீங்கள் அவிழ்த்து அடியுங்கள்.

வண்டியில் நீங்கள் இல்லையென்றால் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்காது. திங்கட்கிழமை கயிற்றை நான் பிடிப்பேன், அவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் மாட்டேன் என்றார், பிறகு என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, துணி சுற்றிக்கொள் என்றார். எதற்கும் அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எங்கள் பெரியவனுக்குப் பால் ஆகாது. சின்னவள் ராத்திரியில் விளக்கு இல்லாமல் தூங்க மாட்டாள்.

கர்த்தர் உங்கள் வழியைக் காத்து, உங்களை எங்கள் பக்கம் கொண்டுவருவாராக.

வண்டியை எதிர்பார்த்திருக்கும் தங்கை,
ராஜாமணி