பச்சை ஒஸ்ரின் கார்

சிவமயம்
கிளிநொச்சி
16.1.1955

என் அன்புத் தங்கச்சி விமலேஸ்வரிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீ கொழும்பில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. பொங்கலுக்கு நீ வராதது எனக்குக் கோபம். அந்தக் கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்கிறேன், முதலில் செய்தியைக் கேள்.

அத்தான் கார் வாங்கப் போகிறார்!

இந்தக் காலபோகம் நெல் நல்ல விளைச்சல். அரிசி மில்லின் லொறியை ஆறு வருடம் ஓட்டியது போதும், இனிச் சொந்தமாக ஒரு வாடகைக் கார் ஓட்டுவோம் என்கிறார். எங்கள் குடியேற்றத்தில் ஒருவரிடமும் கார் இல்லை. போன மாதம் பக்கத்துக் காணி அருந்ததியை வலியோடு மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை பாதி வழியில், வாய்க்கால் கரையிலேயே பிறந்துவிட்டது. நல்லகாலம், இரண்டு உயிரும் தப்பியது. மறுநாள் விடியவே இவர், "நாகு, கார் எடுப்பம்" என்றார்.

நீ கார் விற்கிற கம்பனியில் ரைப்பிஸ்டாக இருக்கிறாய். எங்களுக்கு அங்கே வேறு யாரைத் தெரியும்? பழைய காரென்றாலும் பரவாயில்லை. நம்பி ஏறக்கூடிய ஒன்றாகப் பார்த்து எழுது. உடனே எழுது!

இப்படிக்கு
உன் அக்கா
நாகேஸ்வரி


வெள்ளவத்தை
21.1.1955

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மனேஜரின் அறைக்குள் ஓடினேன். போன வருடம் அம்மா வருத்தம் வந்து படுத்தபோது லீவும் தந்து ரயில் காசும் தந்தவர் அவர்தான். "உம்முடைய அக்காவுக்கு எண்டால் நான் நேரிலை பார்த்துத் தாறன்" என்று சொல்லி, பின்பக்கத்துக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அக்கா, அங்கே ஒரு பச்சை ஒஸ்ரின் நிற்கிறது! வாழைக் குருத்தின் பச்சை. சீட்டெல்லாம் புதுத் தோல். கதவைச் சாத்தினால் அலுமாரி சாத்துவது போல ஒரு சத்தம். ஒரு டொக்டர் மட்டும் வைத்திருந்தாராம், அதிகம் ஓடவில்லையாம். நான் முன் சீட்டில் ஏறி இருந்து பார்த்தேன். இறங்க மனமே வரவில்லை.

முற்பணம் அனுப்பினால் அத்தானின் பெயரில் நிறுத்தி வைப்பதாகச் சொல்கிறார். யோசிக்க வேண்டாம், அக்கா. நான் உங்களுக்குக் கூடாததைச் சொல்வேனா?

உங்கள் தங்கச்சி
விமலா


கிளிநொச்சி
26.1.1955

அன்புத் தங்கச்சிக்கு,

முற்பணம் இன்றைக்கு மணியோடரில் அனுப்பியாயிற்று. இங்கே வீடு வீடாக இல்லை! அத்தான் சுளகை ஸ்ரியரிங் போலக் கையில் பிடித்து இடமும் வலமும் திருப்பிக்கொண்டு திரிகிறார். சின்னவள் பின்னால் நின்று "பாம், பாம்" என்று கத்துகிறாள். முற்றத்து வேப்பமரத்தடியில் காருக்குக் கொட்டில் போட்டுவிட்டோம். அருந்ததி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் ஓட்டம் தனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்னொன்று. முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவருகிற அல்பேர்ட்டும் கார் தேடிக்கொண்டிருக்கிறார். அத்தான் உன் கம்பனியைப் பற்றி அவருக்கும் அளந்துவிட்டார். "செல்வநாயகத்தாரின்ர மச்சாள் இருக்கிற இடமெண்டால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்" என்று அல்பேர்ட் சொன்னாராம். கேட்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது, தெரியுமா?

நெற்சூடு மிதித்து முடிய, பன்னிரண்டாந் தேதி அத்தான் வருவார்.

அக்கா


வெள்ளவத்தை
2.2.1955

அன்புள்ள அக்காவுக்கு,

"வரவேண்டாம், கடிதம் வருகிறது" என்று நான் அடித்த தந்தி கிடைத்திருக்கும். பயந்திருப்பீர்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேற்று அத்தானின் பெயருக்கு விற்பனைக் கடிதம் அடிக்கத் தந்தார்கள். எஞ்சின் இலக்கத்தை அடித்துக்கொண்டு போகும்போது என் விரல் நின்றுவிட்டது. அந்த இலக்கத்தை நான் முன்பும் அடித்திருக்கிறேன். பழைய பைலை எடுத்துப் பார்த்தேன். ஐப்பசியில் இன்சூரன்ஸ் கம்பனிக்கு நானே அடித்த கடிதம். ஆற்றில் புரண்டு, மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்த கார் அது. இனி ஓட்டத்துக்கு உதவாது என்று எழுதியிருக்கிறது. அதைத்தான் காயவைத்து, பச்சை பூசி, புதுத் தோல் போட்டு வைத்திருக்கிறார்கள். டொக்டர் என்று ஒருவரும் இல்லை.

மனேஜரிடம் கேட்டேன். "பிள்ளை, இது வியாபாரம். கிளிநொச்சி றோட்டுக்கு அது போதும்" என்றார். அம்மாவுக்கு ரயில் காசு தந்த அதே மனிதர், அதே சிரிப்பு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "மிக நல்ல நிலை, ஒருவர் கையில் இருந்தது" என்று எத்தனையோ பேருக்கு இரண்டு வருடமாக நான் அடித்துக் கொடுத்திருக்கிறேன். சில நேரம் சந்தேகம் வந்தது. என் வேலை அடிப்பதுதானே என்று இருந்துவிட்டேன்.

அத்தானுக்கு வசதிப்படவில்லை என்று சொல்லி முற்பணத்தைத் திருப்பி அனுப்பச் செய்துவிட்டேன். காரணத்தை மட்டும் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், அக்கா. தெரிந்தால் என் வேலை போய்விடும்.

விமலா


கிளிநொச்சி
7.2.1955

தங்கச்சிக்கு,

காசு வந்து சேர்ந்தது. உன் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். பிறகு உன் மனேஜர் மேல் கோபம் வந்தது. பிறகு உன் மேலும் வந்தது. அத்தான் போய் வெறுங் கொட்டிலுக்குள் நின்றார். ஊரெல்லாம் கார் எங்கே, கார் எங்கே என்று கேட்கிறது. "காசு போதாமல் போச்சு" என்று சொல்லி அவமானத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். உன் வேலைக்காகத்தான்.

ஆனால் இன்று காலை அல்பேர்ட் வந்தார். "நீங்கள் எடுக்காட்டி அந்தப் பச்சைக் காரை நான் எடுக்கிறன். உங்கட மச்சாள் பார்த்து வைச்ச காரெல்லே" என்கிறார். வியாழன் இரவு மெயில் ரயிலில் மனைவி மரியமலரையும் கூட்டிக்கொண்டு அவர் கொழும்புக்கு வருகிறார். அத்தான் வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று நீ கேட்டிருந்தாயே.

விமலா, எங்களைக் காப்பாற்றிவிட்டாய். அந்த மனிசர் எங்களை நம்பி வருகிறார். வாயைத் திற என்றும் மூடு என்றும் நான் எழுதமாட்டேன். சோறு போடுகிற வேலை உன்னுடையது. வெள்ளி காலை அவர்கள் உன் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அக்கா


வெள்ளவத்தை
11.2.1955

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்!

ஒன்பது மணிக்கு அவர்கள் வந்தார்கள். மனேஜர் கதிரை போட்டு, சோடா வருவித்து, கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். விற்பனைக் கடிதம் என் மெஷினில் பாதியில் நிற்கிறது. "மிக நல்ல" என்பது வரைக்கும் அடித்திருந்தேன். அதற்கு அங்கால் விரல் போகவில்லை.

திரும்பி வந்த அல்பேர்ட் அண்ணை நேரே என் மேசைக்கு வந்தார்.

"நீதானே தங்கச்சி செல்வநாயகத்தாரின்ர மச்சாள்? எனக்கு எஞ்சின் தெரியாது. நீ ஒரு சொல்லுச் சொல்லு, கையெழுத்து வைக்கிறன்."

மனேஜர் பக்கத்தில் நின்று, "சொல்லுமன் பிள்ளை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அக்கா, நான் எழும்பி நின்றேன். ஏன் எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. "அண்ணை, இந்தக் கார் மூண்டு நாள் ஆத்துத் தண்ணிக்குள்ளை கிடந்தது. வாங்காதேங்கோ" என்றேன். பைலை எடுத்து மேசையில் விரித்தேன்.

அல்பேர்ட் அண்ணை பைலைக் குனிந்து பார்த்துவிட்டு, "உப்புத் தண்ணியோ, நல்ல தண்ணியோ?" என்று கேட்டார்! கடற்கரை மனிதர் அல்லவா. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. மரியமலர் அக்கா சிரிக்கவில்லை. "நான் அப்பவே சொன்னனான், சீட்டுக்கு அடியிலை சேத்து மணம் வருதெண்டு. தோல் மணமெண்டு என்னைப் பேய்க்காட்டினவர்" என்று மனேஜரை ஒரு பார்வை பார்த்தார். மனேஜருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவர்கள் போன பிறகு மனேஜர் கத்தவில்லை. "உமக்கு நான் என்ன குறை விட்டனான்?" என்று மெதுவாகக் கேட்டார். அதுதான் சுட்டது. "எனக்கு ஒண்டும் விடேல்லை, ஐயா" என்றேன். நாளைக்கு வரத் தேவையில்லை என்றார்.

வெளியே வந்தால் வெயில். எனக்கு வேலை இல்லை, ஆனாலும் ஓடவேண்டும் போல இருந்தது! கோல்பேஸ் கடற்கரை வரைக்கும் நடந்தேன். ஐஸ்பழம் வாங்கித் தின்றேன். பிறகுதான் பயம் வந்தது. மாத முடிவில் இந்த அறையை விடவேண்டும். ஞாயிறு ஊருக்கு வரலாமா, அக்கா? அத்தானுக்கு என் மேல் கோபமா?

விமலா


கிளிநொச்சி
15.2.1955

என் அன்புத் தங்கச்சிக்கு,

ஞாயிறு நீ இங்கே வரக்கூடாது என்று நான் தந்தி அடித்தது இதற்காகத்தான். அழாமல் படி.

சனிக்கிழமை அல்பேர்ட்டும் மரியமலரும் ஸ்டேசனிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாம் தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டதற்கு அத்தான் அவருடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அல்பேர்ட் கொஞ்ச நேரம் முகங் கொடுக்கவில்லை. "நீங்கள் சொல்லியிருக்க வேணும், செல்வநாயகத்தார். ரயில் காசு போகட்டும், நான் உங்களை நம்பினனான்" என்றார். மரியமலர்தான் இடையில் விழுந்து, "அந்தப் பிள்ளை சொன்னதெல்லே, விடுங்கோ. மனேஜருக்கு முன்னாலை எழும்பி நிண்டு சொன்னது" என்றாள். பிறகு தேத்தண்ணி குடித்தார்கள். போகும்போது அல்பேர்ட் சிரித்தார், முழுச் சிரிப்பு இல்லை.

அவர்கள் போன பின்பு அத்தான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "விமலா பார்த்து ஓமெண்டு சொல்லுற காரைத்தான் நான் வாங்குவன். வேறை ஆர் சொன்னாலும் வேண்டாம்." எந்தப் பைலைக் கேட்கவேண்டும், எந்த இலக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று உனக்குத் தெரியுமாம். அவருக்கு எஞ்சினின் சத்தம் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒருவரும் ஏமாற்றமாட்டார்களாம். அல்பேர்ட்டும் தனக்கு ஒன்று பார்க்கச் சொல்லி, உன் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

வியாழன் இரவு மெயிலில் அத்தான் ஏறுகிறார். வெள்ளி விடியக் கோட்டை ஸ்டேசனில் நில். கட்டிச் சோறும், உனக்குப் பனங்கட்டியும் தந்துவிடுகிறேன். நல்ல கார் கிடைக்காவிட்டால் அடுத்த வெள்ளி பாருங்கள், அதற்கடுத்த வெள்ளி பாருங்கள். அவசரமில்லை. நீ பார்த்ததிலும் ஏதும் பிழை வந்தால் வரட்டும், அது எங்கள் எல்லோருடைய பிழை.

கார் கிடைத்ததும் பெட்டியைக் கட்டி அதிலேயே ஏறி வா. சின்னவள் இப்போதே படலைக் கதவில் ஏறி நிற்கிறாள், இறக்க முடியவில்லை.

உன் அக்கா
நாகேஸ்வரி