மச்சில் அம்மா சிக்கிக்கொண்ட நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் நலமாக இருக்கிறோம். இந்த வரியை எழுதுவதற்கு முன்னால் எழுந்துபோய் அடுக்களையை எட்டிப் பார்த்தேன், அம்மா முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பட்டாணி உரிக்கிறாள், கண்ணால் கண்ட பிறகுதான் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்றாள். சளி இல்லை பாப்பா. உன்னிடம் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது, அதனால் எழுதுகிறேன்.

இரண்டு மாதமாகத் தலைக்கு மேலே, ஓட்டுக்கும் பலகைத் தட்டுக்கும் நடுவில் இருக்கிற மச்சில், கரகரவென்று சத்தம். பகலில்தான். நான் தையல் மெஷினை நிறுத்தினால் அதுவும் நிற்கும், மிதித்தால் அதுவும் தொடங்கும், என்னைக் கேலி பண்ணுகிற மாதிரி. பாம்போ என்னவோ என்று பயந்தேன். அம்மா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அணிலுங்க, மரக்கிளை வழியா வந்து கூரை ஓரத்துல பலகை இத்துப்போன இடத்துல நுழையுது என்று சிரித்தாள். அணில் என்று தெரிந்தும் என் பயம் போகவில்லை, வெட்கமும் சேர்ந்துகொண்டது. போன புதன்கிழமை நெட்டைத் தச்சரை வரவழைத்தேன். உனக்கு அலமாரி செய்துகொடுத்தாரே, அவர்தான். கிளையை வெட்டிவிட்டுக் கம்பி வலையோடு ஏணியில் நின்றார். உள்ள குட்டி இருக்கான்னு பாத்துட்டு அடைங்க என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். தச்சர் என் முகத்தைப் பார்த்தார். அந்த இருட்டுக்குள் தலையை விட எனக்குத் தைரியம் இல்லை, அதைச் சொல்லவும் வாய் வரவில்லை, நான் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல, அடிங்க என்று சொல்லிவிட்டேன். நான் பார்க்கவே இல்லை பாப்பா.

மறுநாள் காலையில் தாய் அணில் வெளியே வலையைப் பிடித்துக் கடிக்கிறது, உள்ளே கீச்சுக் கீச்சென்று குட்டிகள் கத்துகின்றன. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, காபியை மட்டும் குடிக்காமல் வைத்துவிட்டாள். தச்சருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. நான் பட்டன் வாங்கி வருகிறேன் என்று கடைத்தெருவுக்குக் கிளம்பினேன், உண்மையில் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் ஓடினேன். திரும்பி வந்து பார்க்கிறேன், நடையில் மச்சு வாசலுக்கு ஏணி சாத்தியிருக்கிறது, ஏணியடியில் அம்மாவின் செருப்பு. கூப்பிட்டுக்கொண்டே முன்னறைக்கு ஓடினால், என் தையல் மெஷினுக்கு நேர் மேலே, தட்டுப் பலகையை உடைத்துக்கொண்டு முழங்கால் வரைக்கும் ஒரு கால் தொங்குகிறது. தைக்க வைத்திருந்த வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டுகிறது.

அப்போதுதான் மேலேயிருந்து குரல் வந்தது, மூச்சு விடாமல் பேசுகிற மாதிரி. கத்தாதீங்க. மெயினை அணைங்க. கைக்குப் பக்கத்துல ஒயரு தோலே இல்லாம கெடக்கு, நான் அசைய மாட்டேன், நீங்க போய் அணைங்க. சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நின்றால் எது மெயின் என்று நினைவு வரவில்லை. இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்திருக்கிறேன், கை எல்லாவற்றையும் கீழே இழுத்தது. மின்விசிறி சுற்றி ஓய்கிற வரைக்கும் நான் உயிரோடு இருந்தேனா என்றே தெரியாது. அதற்கப்புறமாவது ஏறிப் போயிருக்க வேண்டும். மூன்று படி ஏறினேன், இறங்கிவிட்டேன். பக்கத்து வீட்டு நர்ஸம்மாதான் டியூட்டி உடுப்போடு ஓடிவந்து ஏறினார், அம்மாவை உத்தரத்துக்கு உத்தரமாக நகர்த்திக் கொண்டுவந்தார், போகிற போக்கில் அந்த வலையையும் உதைத்துத் தள்ளினார். கெண்டைக்காலில் ஏழு தையல், போட்டதும் அவர்தான். இன்னைக்கு உங்க தொழிலை நான் பாத்துட்டேன் சார் என்று அவர் சொன்னதற்கு அம்மா சிரித்தாள், நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன்.

மாலையில் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். அணில் கடித்து ஒரு முழ நீளத்துக்குக் கம்பி வெறும் செம்பாகக் கிடந்ததாம், பக்கத்து உத்தரம் கருகியிருந்ததாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா கூரை பத்தியிருக்கும் சார், அம்மா ஏறினது நல்லதாப் போச்சு என்றார். அதைக் கேட்ட பிறகு என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. இப்போது எல்லா ஒயரையும் குழாய்க்குள் விட்டாயிற்று. நீங்களும் மேல்மாடியில் இருக்கிறீர்கள், கூரையில் சத்தம் கேட்டால் அப்புறம் பார்க்கலாம் என்று விடாதே, ஆளைக் கூப்பிடு, உள்ளே பார்க்காமல் எதையும் அடைக்காதே, மெயின் எது என்று மாப்பிள்ளையிடமும் காட்டி வை.

வெள்ளிக்கிழமை முழுக்கத் தாய் அணில் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாய் எதிர்வீட்டு மரத்துக்குக் கொண்டுபோனது, நான்கு எண்ணினோம். நேற்று தச்சர் மறுபடி வலையோடு வந்தார். பொறுங்க என்று சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே ஏறினேன். சிலந்திவலை வாயில் ஒட்டியது, ஆனாலும் நான்கு மூலையும் தடவிப் பார்த்தேன், பஞ்சும் நாரும் கிடந்த கூட்டுக்குள் கைவிட்டும் பார்த்தேன். காலியாக இருந்தது. இப்ப அடைங்க என்று உள்ளிருந்தே கத்தினேன். உட்கார் என்று சொல்லியும் கேட்காமல் அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் இறங்கித் தரையில் நின்ற பிறகும் அவள் கை ஏணியை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. அன்னைக்கு மேல கெடக்கும்போது, நீங்க வரவே மாட்டீங்களோன்னு நெனச்சேன் என்றாள்.

இதெல்லாம் நான் எழுதியதாக அவளிடம் காட்டிக்கொள்ளாதே, உன் குரலே சொல்லிடுச்சும்மா என்று சொல். வருகிற வெள்ளிக்கிழமை தையல் பிரிக்கிறார்கள், அன்று மறக்காமல் கூப்பிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. எந்தக் குறையும் அண்டாமல் இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா