இரண்டு அருள் நிறைந்த மரியே நேரம்

3 மார்ச் 2025

குனிந்து பார்த்தேன். விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண், நாலு விரல். முட்டியை மடக்காமல்.

காலையில் அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி வழியில். முழுப் பாரமும் என் தோளில். அசைய முடியவில்லை. அம்மா ஓடிவந்து அவரை இழுத்து உட்காரவைத்தாள். பிறகு சமையலறைப் பக்கம் போய், சுவரைப் பார்த்தபடி, அடிவயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டு நின்றாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்து.

அப்பா "சரி" என்றார். பக்கவாதம் வந்து ஏழு மாதம். மிச்சமிருப்பது அந்த ஒரு சொல். பசித்தால் அதே சொல். வலித்தால் அதே சொல்.

6 மார்ச்

அம்மாவுக்குக் குடலிறக்கம். அறுவை செய்தாக வேண்டும். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர்.

"ஈஸ்டர் முடியட்டும்" என்றாள் அம்மா. ஏப்ரல் 24 என்று குறித்தாயிற்று.

ஓசூரிலிருந்து அண்ணன் லிபின் போனில்: "மூணு மாசம் அப்பாவ யாரு தூக்கறது? நீயா? கீழ விழுந்த பேனாவ எடுக்கறதுக்கே கட்டிலப் பிடிச்சுக்கிற ஆளு நீ." சிரித்தான். சிரித்து முடித்ததும், வேப்பம்பட்டில் சிஸ்டர்கள் நடத்தும் பராமரிப்பு இல்லம் ஒன்றைச் சொன்னான். முன்பே விசாரித்துவிட்டானாம். "கொஞ்ச நாளைக்குத்தான் ஜெபி."

மேல்வீட்டு ஜம்புலிங்கம் அங்கிளின் அக்காவும் எங்கேயோ ஓர் இல்லத்துக்குக் கொஞ்ச நாளைக்குத்தான் போனார். மூன்று வருடம் கழித்து ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார்.

ஏழு வாரம் இருக்கிறது.

10 மார்ச்

அப்பாவுக்குப் பிசியோதெரபி கொடுக்க வாரம் இரண்டு நாள் காவ்யா வருகிறாள். ஆவடி. என் வயதுதான். இன்று அவள் கிளம்பும்போது என்னையும் பார்க்கச் சொன்னேன். தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து என் காலை நேராகத் தூக்கினாள். பாதி உயரம்கூட வரவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் உக்காருவ?"

"ஒன்பது, பத்து. கட்டில்ல. மடியில லேப்டாப். வீட்லருந்துதான வேலை."

"ஊரு பசங்க படிக்கற கைடுக்கெல்லாம் பிழை திருத்தற. உன்னத் திருத்த ஆளில்ல." என் தொடையின் பின்பக்கத்தைத் தட்டினாள். "இது இறுகிப்போனா இடுப்பெலும்பு முன்னால சாயாது. அது சாயலன்னா முதுகு வளையும். அந்த வளைஞ்ச முதுகுலதான் நீ அப்பாவத் தூக்கற."

எம்.ஏ.வில் உடலும் மனமும் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். தொடைக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதை இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பயிற்சி: துப்பட்டாவைப் பாதத்தில் மாட்டிக்கொண்டு, படுத்தபடியே, காலை நேராக மேலே இழுப்பது. முப்பது விநாடி. ஒரு காலுக்கு மூன்று முறை. "இழுக்கற மாதிரி இருக்கணும். வலிக்கக் கூடாது."

13 மார்ச்

பயிற்சிக்கு அமையும் ஒரே நேரம் ஜெபமாலை நேரம். மாலை ஆறரை. அப்போது போனைத் தொட்டால் அம்மாவுக்கு ஆகாது. அதனால் விநாடியை எண்ண வேறு வழி. அம்மாவின் வேகத்துக்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் பதினைந்து விநாடி. ஆக, ஒரு நீட்டலுக்கு இரண்டு.

"மாதா முன்னால காலத் தூக்கிக்கினு படுத்திருக்கியே, இன்னாடி இது?"

"திரும்பிப் படுக்கறேன்மா."

"அப்ப மட்டும் மாதாவுக்குத் தெரியாதா?"

அப்பாவின் தொண்டையில் ஒரு சத்தம். இருமலா சிரிப்பா தெரியவில்லை.

20 மார்ச்

ஒரு சாண், மூணு விரல்.

பத்து நாளுக்கு ஒரு விரல். இப்படியே போனால் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றும் ஒரு சாண் இடைவெளி இருக்கும்.

24 மார்ச்

இரண்டு ஜெபத்துக்குப் பதில் பத்து. வலது காலுக்கு ஜெபமாலையின் ஒரு பத்து மணி, இடது காலுக்கு ஒரு பத்து மணி. மாற்றி மாற்றி, ஐந்து பத்துகளும் முடியும்வரை. துப்பட்டாவைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நடுங்கும் வரை இழுத்தேன்.

தவக்காலம். வலிக்கும் எதுவும் வீண்போகாது என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். அதை எப்போதோ விட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

காவ்யாவிடம் சொல்லவில்லை.

2 ஏப்ரல்

ஒரு சாண். சரியாக ஒரு சாண்!

9 ஏப்ரல்

முழங்காலுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரல் வரை மின்சாரம் போல ஒரு சுரீர். பாதம் மரத்துப்போகிறது. இளகுகிறது என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

வேப்பம்பட்டு இல்லத்துக்கு லிபின் இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்காகக் காத்திருக்கிறான். நானும்தான்.

14 ஏப்ரல்

விழுந்துவிட்டோம்.

காலை ஏழு மணி. அம்மா பால் வாங்கப் போயிருந்தாள். தனியாகச் செய்து காட்டலாம் என்று— யாருக்கு? அப்பாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். இடது பின்தொடையில், மேலே, உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில், கயிறு அறுந்த மாதிரி. கால் மடங்கியது. அவர் என்மேல். அவருடைய முழங்கை தரையில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இருவரும் தரையில். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கத்தினேன். மேலிருந்து ஜம்புலிங்கம் அங்கிள் பாதிச் சவரத்தோடு இறங்கி வந்தார். "இன்னாம்மா, ரெண்டு பேரும் இப்டிக் கெடக்கறீங்க? புது வருசமும் அதுவுமா!" அப்பாவைத்தான் முதலில் தூக்கினார்.

அப்பா அவரிடம் "சரி" என்றார்.

முழங்கையில் சிராய்ப்பு. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எத்தனை முறை எழுதினாலும் அந்தச் சத்தம் போகாது.

17 ஏப்ரல்

பெரிய வியாழன். அம்மா மட்டும் கோயிலுக்குப் போனாள்.

காவ்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து மணிக் கணக்கை அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது.

"ரெண்டரை நிமிஷமா? அஞ்சு வாட்டியா? தெனமுமா?" தலையில் கை வைத்துக்கொண்டாள். "கால் மரத்துப்போச்சுன்னா அது தசையில்ல, நரம்பு. நரம்பப் புடிச்சு இழுத்திருக்க. சாமிக்கு நேந்துக்கிட்ட மாதிரி செஞ்சா உடம்பு கேக்காது ஜெபிஷா."

பிறகு கொஞ்சம் தணிந்து: "இறுகிப்போன எல்லாமே குட்டையா இருக்குன்னு அர்த்தமில்ல. உன் தசைக்குப் பலமில்ல. அதனால பயந்து இறுக்கிப் புடிச்சுக்குது. பயந்துகினு இருக்கறதப் போட்டு இழுத்தா?"

ஆறு வாரமாவது ஆகும். இழுப்பது நிறுத்தம். தூக்குவதும்.

லிபினுக்குப் போன் செய்தேன். "இல்லத்துக்குச் சொல்லிடு" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

22 ஏப்ரல்

வேப்பம்பட்டு. அப்பாவைக் கொண்டுபோய் விட்டோம். சட்டை நாலு, லுங்கி நாலு, ஜெபமாலை, செருப்பு. வாசலில் "போய்ட்டு வரோம்பா" என்றேன்.

அவர் சொன்னதை எழுதத் தேவையில்லை.

28 ஏப்ரல்

அம்மாவுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு அமைதியாக இருக்கிறது. நேற்று ஒன்பது மணி நேரம் தூங்கினேன். யாரையும் திருப்பிப் படுக்கவைக்க எழ வேண்டியதில்லை.

நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

5 மே

காவ்யா இப்போது எனக்காக வருகிறாள். முட்டியை மடித்துப் படுத்து இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது. பத்து முறை. அதற்கே தொடை நடுங்குகிறது. அப்புறம் மாப்புக் கட்டை: முதுகோடு நிறுத்திப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டும். மண்டை, முதுகு, வால் எலும்பு மூன்றும் கட்டையைத் தொட்டபடி.

"குனியறத மறந்துடு. கைல ரெண்டு பை, பின்னால திறந்த கதவு. எதால மூடுவ?"

"இடுப்பால."

"அவ்ளோதான். தள்ளு. முட்டி லேசா மடங்கட்டும்."

இருபத்தாறு வயதில் குனியக் கற்றுக்கொள்கிறேன். அம்மா கட்டிலில் படுத்தபடி வேடிக்கை பார்க்கிறாள். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று திட்டுகிறாள்.

11 மே

ஞாயிறு. பிற்பகல் ரயிலில் வேப்பம்பட்டு. இல்லத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் எல்லம்மா என் தோள் உயரம்கூட இல்லை. ஐம்பது வயதிருக்கும். கட்டிலுக்கு முன் நின்று இடுப்பில் கை வைத்தார்.

"இன்னா நைனா, பொண்ணு வந்துகீது, படுத்துக்கினே கீற? எழுந்துரு."

தொடவே இல்லை. அப்பா இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்தார். நெடுநேரம் ஆனது. நான் முன்னால் போகப் பார்த்தேன். எல்லம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அப்பா எழுந்தார். முகம் சிவந்து, கோணலாக, ஆனால் எழுந்து நின்றார்.

"நீங்க தூக்க மாட்டீங்களா?"

"நான் எங்க தூக்கறது? நான் இன்னா கிரேனா? அவரு எழுந்துக்கறாரு, நான் பக்கத்துல நிக்கறேன். சாஞ்சா புடிக்கத்தான் கை." அப்பாவைப் பார்த்து: "ஊட்ல ராஜா மாரி தூக்கிக்கினே இருந்தாங்களா? நல்லா ஏமாத்திக்கீற நைனா நீ!"

திரும்பும் ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றேன். ஒன்பது மாதம் நாங்கள் அவரைத் தூக்கினோம். அவரும் விட்டுக்கொடுத்தார். எங்கள் அவசரத்துக்கு. எனக்கு எட்டரைக்கு லாகின்.

25 மே

லிபின்: "அங்க நல்லா தேறிட்டாரு இல்ல? அப்படியே விடு ஜெபி. கூட்டிட்டு வந்து மறுபடி விழணுமா?"

அவன் சொல்வதில் தப்பில்லை. அதுதான் பிரச்சினை. ஜூன் பத்துக்குள் சொல்லுங்கள் என்றார் சிஸ்டர்.

இன்று அப்பாவிடமே கேட்டேன். "வீட்டுக்கு வரீங்களாப்பா?" சரி. "இங்கயே இருக்கீங்களா?" சரி.

கூட்டிவருவது அவருக்காகவா? ஏப்ரலில் நன்றாகத் தூங்கிய அந்த இரவுக்காகவா?

1 ஜூன்

முந்தைய ரயிலைப் பிடித்ததால் ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இடது காலில் மட்டும் செருப்பு.

"ஞாயித்துக்கெழமன்னா இப்டித்தான்," என்றார் எல்லம்மா. "காத்தாலயே ஒண்ண மாட்டிக்கினு உக்காந்துக்குவாரு. இன்னொண்ணு அவரால முடியாது. நான் மாட்டி வுட்டாலும் ஒதறிடுவாரு. நீ வர்ற டைம் ஆச்சுன்னா கழட்டிப் போட்டுட்டுப் படுத்துக்குவாரு."

வலது செருப்பு கட்டிலுக்கு அடியில் இருந்தது. எடுத்து மாட்டினேன். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

9 ஜூன்

காவ்யா சோதனை வைத்தாள். அவளே அப்பாவாக, ஒரு பக்கம் துவண்டுபோய், கட்டிலில் உட்கார்ந்தாள். நான் பாதத்தை அகட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, நெருக்கமாக நின்று— ஐந்து முறை கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, ஐந்து முறை திரும்ப. முதுகு வளையவில்லை. பின்தொடை இழுத்தது, பிடித்துக்கொள்ளவில்லை.

"சரி" என்றாள் காவ்யா, அப்பா குரலில். அம்மா முறைத்தாள். பிறகு தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிஸ்டருக்கும் லிபினுக்கும் போன் செய்தேன். லிபின், "விழுந்தா?" என்றான். "விழலாம்" என்றேன்.

15 ஜூன்

அப்பா வீட்டில்.

16 ஜூன்

காலையில் இரண்டு முறை பயம். ஒருமுறை அவர் சாய்ந்தார். பிடித்தேன். எட்டரைக்கு வேலை தொடங்க முடியாது, ஒன்பதரைக்குத்தான் என்று அலுவலகத்துக்கு எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

22 ஜூன்

அம்மா இப்போது உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறாள். மூன்றாவது பத்து நடந்துகொண்டிருந்தபோது அப்பா கட்டில் ஓரத்துக்கு நகர்ந்தார். நாற்காலிக்குப் போக வேண்டும். நான் முன்னால் போய், பாதத்தை அகட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, இரு கைகளையும் அவருடைய கக்கத்துக்குக் கொண்டுபோனேன்.

"இரு" என்றார்.

அம்மாவின் விரல் மணியில் நின்றது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். நிமிரவில்லை. அப்படியே, வளைந்த இடத்திலேயே, இருந்தேன். அவர் இடது பாதத்தை உள்ளே இழுத்தார். கம்பியைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். ஓர் அருள் நிறைந்த மரியே முடிந்தது. பின்தொடை இழுக்கத் தொடங்கியது. வலிக்கவில்லை.

இரண்டாவது முடியும்போது எழுந்து நின்றார்.