என் கார்பைனுக்கு இல்லாத போர்க்களம்: விளக்கப் பலகையைத் திருத்தக் கோரல்

அனுப்புநர்:
ச. இக்னேசியஸ்,
ஓய்வுபெற்ற செய்தியாளர்,
ஸ்காபரோ, ரொறன்ரோ.

பெறுநர்:
திருமதி நிரூபா கீதன் அவர்கள்,
கண்காட்சிப் பொறுப்பதிகாரி,
கிழக்கு ஸ்காபரோ மரபுக் காட்சியகம்.

பொருள்: நான் இரவல் கொடுத்த மடிப்புக் கார்பைன் பற்றிய பிழையான விளக்கத்தை நீக்கிச் சரியானதை வைத்தல்.

மதிப்பிற்குரிய அம்மணி,

1. தமிழ் மரபுத் திங்களையொட்டித் தங்கள் காட்சியகத்தில் நடைபெறும் 'எங்கள் வீடுகளிலிருந்து' என்ற கண்காட்சியில், தையல் இயந்திரத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் நடுவே கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் துப்பாக்கி என்னுடையது. தொண்டர் குழுவினர் கேட்டுக்கொண்டதால் மகிழ்ச்சியோடு கொடுத்தேன். அதன் கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை இருக்கிறது. "ஈழப் போர்க்களத்திலிருந்து தன் வீரனோடு கனடா வந்து சேர்ந்த துப்பாக்கி" என்று தொடங்கி, என் பெயரில் முடிகிறது.

2. அந்தத் துப்பாக்கி ஈழத்தைக் கண்டதில்லை. நான் எந்தப் போர்க்களத்தையும் கண்டதில்லை. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் இருந்தவரை துப்பாக்கியோடு யார் வந்தாலும், எந்தச் சீருடையில் வந்தாலும், ஒழுங்கைக்குள் ஒதுங்கி நின்றவன் நான்.

3. உண்மை விபரம் வருமாறு. இரண்டாம் உலகப் போரில் பரசூட்டில் குதித்த அமெரிக்கப் படையினருக்காகச் செய்யப்பட்ட கார்பைன் இது. அதாவது, நீளம் குறைந்த, எடை குறைந்த துப்பாக்கி. விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு மட்டும் சுடும். அடுத்த குண்டைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும். தோளில் அணைக்கும் பின்பகுதி முழு மரமாக இல்லாமல், வளைத்த இரும்புக் கம்பியாலானது. அது பக்கவாட்டில் மடிந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். கன்னம் படும் இடத்தில் ஒரு தோல் பட்டை. முன்னால் வால்நட் மரம். பீற்றர்பரோவில் ஒரு பழைய படைவீரர் மன்றத்தின் கண்காட்சிக்குச் செய்தி எடுக்கப் போனபோதுதான் இந்த வகையை முதன்முதலில் கையில் எடுத்தேன். இவ்வளவு பாரம் குறைவாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு எழுதவேண்டிய செய்தியை மறந்து, பின்பகுதியை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றேன்.

4. பின்னர் பாதுகாப்புப் பாடநெறி படித்து, தேர்வெழுதி, உரிமம் பெற்று, ஒன்ராறியோவில் நடந்த ஓர் ஏலத்தில் இந்தத் துப்பாக்கியை வாங்கினேன். இனி ஒருபோதும் சுடமுடியாதபடி சட்டப்படி செயலிழக்கச் செய்வித்தேன். அது அழகான பொருள் என்பதற்காகவே வைத்திருக்கிறேன். எனக்குப் பயம் தந்த ஒரு பொருளை நட்டுநட்டாகப் படித்துத் தெரிந்துகொண்டது பற்றி எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

5. இந்தப் பிழையில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. என் வயதுத் தமிழன் ஒருவன் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால் அது எங்கிருந்து வந்திருக்கும் என்று எங்கள் தொண்டர்கள் கேட்கவே இல்லை. தாங்களாகவே தெரிந்துகொண்டார்கள். பலகையைக் கண்ட அன்றே குழுத் தலைவி ஜஸ்ரினிடம் தொலைபேசியில் மறுத்துச் சொன்னேன். அவர் குரலைத் தணித்து, "உண்மையா களத்திலை நிண்டவை ஒருநாளும் தாங்கள் நிண்டதெண்டு சொல்லமாட்டினம், அண்ணை. எங்களுக்கு விளங்கும்" என்றார்.

6. அதன்பின் நான் மறுக்க மறுக்க நம்பிக்கை கூடிக்கொண்டே போகிறது. தேவாலய வாசலில் இளைஞர்கள் வழிவிடுகிறார்கள். ஏலத்தில் வாங்கியது என்று சொன்னால், அப்படியே சொல்லுங்கோ, அதுதான் பாதுகாப்பு என்று கண்ணைச் சிமிட்டுகிறார்கள். என் மகள் அட்சயாவைக் கூட ஒருவர், அப்பா வீட்டிலாவது ஏதாவது கதைப்பாரோ என்று விசாரித்திருக்கிறார். அப்பா கதைத்தால் கம்பியும் தோலும் பற்றித்தான், அதை நிற்பாட்டுவதுதான் கஷ்டம் என்று அவள் பதில் சொன்னாளாம். அதையும் பகிடி என்று எடுத்துக்கொண்டார்கள்.

7. சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்தது வேறு. நான் கண்ணாடிப் பெட்டி அருகே நின்றபோது, ரெக்ஸ்டேலிலிருந்து தவமணி என்றொரு அம்மா வந்திருந்தார். களத்தில் மாண்டவர்களின் நினைவாக வைக்கும் கார்த்திகைப்பூவைக் காகிதத்தில் செய்து கொண்டுவந்து பெட்டியின் முன்னால் வைத்தார். பலகையிலிருந்த பெயர் என்னுடையது என்று யாரோ காட்டிக்கொடுக்க, என் கைகளைப் பிடித்து, தன் தம்பியை எங்காவது கண்டேனா என்று கேட்டார். பெயர் சொன்னார். மன்னாரில் காணாமற்போனவர். நான் அங்கே இருக்கவில்லை என்றேன். "சொல்லேலாதெண்டால் சொல்லவேண்டாம், தம்பி. இருக்கிறானோ இல்லையோ, அதை மட்டும் தலையாட்டுங்கோ" என்றார். அவரை வெளியே அழைத்துச் சென்று, இந்தத் துப்பாக்கியை ஏல மண்டபத்தில் வைத்து எடுத்த படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

8. அவருக்காகவே இந்த மனுவை எழுதுகிறேன். என் வாய்ச்சொல் இனி எடுபடாது. காட்சியகத்தின் முத்திரையோடு, கண்ணாடிக்குள் வைக்கப்படும் திருத்தம் மட்டுமே எடுபடும். இருபத்தாறு ஆண்டுகள் செய்தியாளனாக இருந்தேன். பிழை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுவது எங்கள் வழக்கம். அதைத்தான் கேட்கிறேன்.

9. ஆகவே, பழைய பலகையை அகற்றி, "பரசூட் படையினருக்கான மடிப்புக் கார்பைன். ஒன்ராறியோவில் ஏலத்தில் வாங்கப்பட்டது. இரவல்: ச. இக்னேசியஸ், சேகரிப்பாளர். இவர் எந்தப் போரிலும் பங்குபற்றியவர் அல்லர். முன்பிருந்த விளக்கம் பிழையானது" என்று இரு மொழிகளிலும் எழுதி வைக்குமாறு வேண்டுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மக்கள் வருமுன் இது நடக்கவேண்டும். பூ வைக்க விரும்புவோருக்கு வாசலருகே தனியாக ஒரு மேசை போட்டால் நன்று. அவர்கள் கொண்டுவரும் பூக்கள் உண்மையாகக் களத்தில் நின்றவர்களுக்கு உரியவை. இன்னொன்று: பின்பகுதியை மடித்தே வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து விரித்து வைக்கவும். மடித்திருந்தால் அது வெறும் இரும்பு.

10. மனக்கசப்பைத் தவிர்க்க, பலகையை அப்படியே விட்டு என் பெயரை மட்டும் எடுத்துவிடலாம் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து யோசனை சொன்னார்கள். அதற்கு நான் உடன்படவில்லை. பெயரில்லாமல் விட்டால், அந்த அம்மா அடுத்த ஞாயிறு வேறொருவரின் கையைப் பிடித்துக் கேட்பார். என் பெயர் அங்கேயே இருக்கட்டும். அதன் பக்கத்தில் உண்மையும் இருக்கட்டும்.

தங்கள் விரைவான நடவடிக்கையை எதிர்பார்க்கும்,

ச. இக்னேசியஸ் (ஒப்பம்)

இடம்: ரொறன்ரோ
திகதி: 14 ஜனவரி 2025