வறண்ட போரில் போட்ட மாத்திரைகள்

மச்சான்,

நாம் செய்தது தவறு. கடையில் தேதி முடிந்த மருந்துகளையெல்லாம் என் காட்டில் தண்ணீர் வராத ஆழ்துளைப் போர்க் குழிக்குள் கொட்டினோம். ஒரு தடவை அல்ல, வருடக்கணக்காக. இதை எழுதாமல் உங்களுக்கு வேறு எதையும் எழுத எனக்குக் கை வராது.

இன்று காலை என் அறையில் ஒரு அட்டைப்பெட்டியின் அடி பிய்ந்து இருமல் மருந்து ஒழுகியிருந்தது. அந்தத் தித்திப்பு வாசனையில் நீங்கள் அப்படியே எதிரில் வந்து நின்றீர்கள். நம் அஸ்தம்பட்டி மருந்துக் கடை, மாதக் கடைசிச் சனிக்கிழமை, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் சிவப்புப் பேனா. ஒவ்வொரு அட்டையாகத் திருப்பித் தேதி பார்ப்பீர்கள். மருந்தாளுநர் படிப்புப் படித்தவர் நீங்கள். சுவரில் தொங்கியது உங்கள் சான்றிதழ். நான் எட்டாவதோடு நின்றவன், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்களைப் படித்தே தொழில் கற்றவன். உங்கள் தங்கையைக் கட்டியதும் இந்தத் தொழிலுக்கு வந்ததும் உங்களால்தான்.

நீங்கள் அசட்டையான ஆள் அல்ல. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஒருவர், "நேத்துத்தானுங்க தேதி முடிஞ்சுருக்குது, ஒரு நாள்ல என்னங்க ஆயிரும்" என்று கேட்டபோது, "ஒரு நாள் முந்தி வந்திருந்தீங்கன்னா குடுத்திருப்பனுங்க" என்று அட்டையை ஒதுக்கிப் போட்டீர்கள். அப்போதெல்லாம் குப்பைத் தொட்டியில்தான் எறிந்தோம். ஒரு நாள் தொட்டியைக் கிளறிய அம்மாள் ஒருத்தி நம் அட்டைகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பிடுங்கினீர்கள். திரும்பி வந்து அவற்றைக் கல்லாவில் போட்டுப் பூட்டினீர்கள். இனி யார் கையும் எட்டாத இடம் வேண்டும் என்றீர்கள்.

அப்படி ஒரு இடம் என்னிடம் இருந்தது. ராசிபுரம் பக்கத்தில் நான் வெள்ளாமை செய்யும் காட்டில், துளை போடும் ரிக் வண்டியை நிறுத்தி எழுநூறு அடி ஓட்டியும் புகைதான் பறந்தது. குழியின் வாயில் ஒரு கல்லை வைத்து மூடியிருந்தேன். அதை நகர்த்திவிட்டு மாத்திரைகளையும் மருந்து பாட்டில்களையும் உள்ளே விட்டோம். விழுந்த சத்தம்கூட மேலே வரவில்லை.

"நெலத்துல எறங்கிராதுங்களா மச்சான்?" என்று நான் கேட்டேன்.

"எழுநூறு அடிக்குத் தண்ணியே இல்லைங்கறீங்க. அப்பறம் எதுல போய்க் கலக்கும் மாப்ள? உங்க காடு இதுக்காச்சும் ஆச்சேன்னு சந்தோசப்படுங்க."

இருவரும் சிரித்தோம்.

நீங்கள் போன பிறகு இரண்டு வருடம் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. போன மாதம் கல்லை நகர்த்தி ஒரு கூழாங்கல்லைப் போட்டேன். எண்ணத் தொடங்கும் முன்பே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அன்று சாயங்காலமே பக்கத்துக் காட்டுப் பாவாயி சொம்போடு வந்தார்.

"ஏனுங்ணா, எங்க போர்ல தண்ணி ஏறிருச்சுங்க. குடிச்சுப் பாருங்க, எளநியாட்ட இருக்குது."

"வயிறு சரியில்லம்மா."

"மருந்துக் கடைக்காரருக்கே வயிறு சரியில்லைன்னா நாங்கெல்லாம் எங்க போறதுங்க?" என்று சிரித்துவிட்டுச் சொம்புத் தண்ணீரை அவரே குடித்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பாவாயியிடம் சொல்லிவிடுகிறேன் என்று வீட்டில் எழுந்து செருப்பை மாட்டினேன். உங்கள் தங்கை வாசலை மறித்தாள். "எங்கண்ணன் போய்ச் சேந்துட்டாரு. அவரு பேரக் கெடுத்துத்தான் நீங்க நல்லவராகோணுமா?" என்றாள். அன்று செருப்பைக் கழற்றியவன்தான். இன்னும் போகவில்லை.

போரில் போடுவதை நீங்கள் இறந்த வாரமே நிறுத்திவிட்டேன். அதனால் எல்லாம் வீட்டுக்கு வருகிறது. சில்லறைக்கு வெட்டி விற்றது போக மிஞ்சிய அட்டையைத் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள் மொத்த வியாபாரிகள். எதிர் ஆஸ்பத்திரிக்கு வரும் கழிவு வண்டியை மறித்தால், "உங்க கடை பேரு எங்க லிஸ்ட்ல இல்லீங்கய்யா" என்று ஓட்டுநர் கிளம்பிவிடுகிறார். கடையில் இப்போதிருக்கும் மருந்தாளுநர், "ஊரே சாக்கடைலதானுங்க கரைச்சு உடுது, உங்களுக்கு மட்டும் என்னங்க?" என்கிறார். எனக்கு மட்டும்தான். அட்டைப்பெட்டிகள் சுவரோரம் நிரம்பி ஜன்னலை மூடி, கட்டில்வரை வந்துவிட்டன. ஒருக்களித்துத்தான் படுக்கிறேன்.

எழுபத்துநாலு வயதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். வெட்டிய அட்டையானாலும் மொத்த வியாபாரி திரும்ப எடுக்க வேண்டும். கழிவு வண்டி பெரிய ஆஸ்பத்திரியோடு நிற்காமல் சின்னக் கடை வாசலுக்கும் வர வேண்டும். சோதனைக்கு வரும் அதிகாரி அலமாரியில் பழைய மருந்து இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, எடுத்தது எங்கே போனது என்று கேட்க வேண்டும். நம்மை ஒரு தடவை யாராவது கேட்டிருந்தால் மாட்டியிருப்போம், மாட்டியிருக்க வேண்டும். உங்கள் தங்கை வழி விட வேண்டும். இரண்டு போர்களின் தண்ணீரையும் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டியது நான். அந்தப் பதில் வரும்வரை காத்திராமல், குடிக்காதீங்கம்மா என்று பாவாயியிடம் சொல்ல வேண்டியதும் நான். யார் போட்டது என்று அவர் கேட்பார். உங்கள் பெயரையும் சேர்த்தே சொல்வேன்.

போய்ச் சேர்ந்துவிட்ட நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, மச்சான். உங்கள் மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது ஒன்றுதான்.