பிரிக்காத கவர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் உதடு ஒன்றுதான் சுகமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். இது முழுக்க என் கையெழுத்து, நேற்று ஆரம்பித்தேன், கோணல் இருந்தால் பொறுத்துக்கொள். உன் கடிதத்தையும் இந்தத் தடவை, வழக்கமாகப் படித்துச் சொல்லும் தையற்காரரிடம் கொடுக்கவில்லை, மூன்று நாள் எழுத்துக் கூட்டி நானே படித்தேன். அதனால் நீ ஆராய்ச்சியை விட்டுவிடலாமா என்று கேட்டிருப்பது நம் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

நாலு வருஷம் வீண் என்கிறாய். காய்ச்சல் விட்டதும் என் உதட்டில் வரும் கொப்புளத்துக்குச் சல்ஃபா மாத்திரைதான் மருந்து என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவன் நான். அதைக் கேட்டு வளர்ந்துதான் நீ இதைக் கையில் எடுத்தாய். இருநூறு பேரில் பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்ற பட்டியல், முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று ஒட்டிய கவரில் உன் மேசை இழுப்பறையிலேயே. கடைசியில் பிரித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் ஆற ஒன்பது நாள்தான், அது வைரஸ் கொப்புளம், இந்த மாத்திரை அதைத் தொடாது என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மாவுக்கே ஆறிடுச்சாமே, இருபது வருஷமா நீங்க அடிச்ச பெருமையெல்லாம் மாவாப் போச்சா என்று சிரித்தாள், புரையேறிவிட்டது.

நடுவில் உன் பெரிய டாக்டர், சும்மா ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடலாமேம்மா என்றதற்கு, முடியாது சார் என்றாயாமே, அந்த இடத்தை நாலு தடவை படித்தேன். முப்பது வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஒட்டிய கவர் சுமந்தவன் நான், நிறத்தைப் பார்த்தே கொண்டு சேர்ப்பேன். ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை என்று எல்லாரும் மெச்சுவார்கள். பிரித்தாலும் அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது, அதில் என்ன பெரிய நாணயம்? நீ படிக்கத் தெரிந்தவள், கை நீட்டினால் எட்டும் தூரம், நாலு வருஷம் பிரிக்கவில்லை. அப்பன் சொன்னது தப்பு என்று வந்ததையும் மறைக்கவில்லை. இதுவா கண்ணு வீண்?

போன வாரம் எனக்குக் காய்ச்சல், கொப்புளமும் வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர், பெரியவரே உங்க மாத்திரை என்று வழக்கம்போல எடுத்து நீட்டினார். அட்டையில் இருந்த பெயரை முதல் தடவையாக நானே படித்தேன், அதேதான், திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன், வேற டாக்டரைப் பாத்தீங்களா என்றார். ஆமா, என் மகளை என்றேன்.

வேலையில் இருப்பதும் விடுவதும் உன் இஷ்டம், வீண் என்று மட்டும் சொல்லாதே. பனியில் வெளியே போனால் காதை மூடிக்கொள். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். கொப்புளத்துக்கு இன்று ஐந்தாம் நாள், மாத்திரை இல்லாமலே காய ஆரம்பித்துவிட்டது. உன் கணக்கில் இருநூற்று ஒன்றாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
தானே எழுதித் தானே கவரை ஒட்டும்
உன் அப்பா