இருபதுக்குப் பதின்மூன்று

சாரம், புதுச்சேரி
12-8-2008

அன்பு மகள் சபினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவுக்கு முழங்கால்தான் படுத்துகிறது. துலூஸில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஈமெயில் அடிப்பதென்றால் மாடி வீட்டுக் கமலவேணியைக் கூப்பிட வேண்டும், இதை அவள் படிக்க வேண்டாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ரிட்டையர் ஆகிச் சும்மா இருக்காதீர்கள், பழைய பிரெஞ்சுப் புத்தகங்களை இன்டர்நெட்டில் போட்டு விற்றுப் பாருங்கள் என்று நீ சொன்னாய் அல்லவா, போட்டேன். நான் சொல்லச் சொல்லக் கமலவேணி தட்டி இருநூறு புத்தகம் ஏற்றியாயிற்று. நான்கு மாதத்தில் போனது ஒன்றே ஒன்று. ஏன் என்றே புரியவில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் நிலை குறிக்கச் சொல்கிறார்கள், புதிது போல, மிக நன்று, நன்று, சுமார் என்று. நான் எல்லாவற்றுக்கும் சுமார் போட்டு, எந்தப் பக்கத்தில் காபிக் கறை, எங்கே முனை மடங்கியிருக்கிறது என்பதையும் விடாமல் எழுதச் சொன்னேன். நல்லாத்தான சார் இருக்குது, நீங்களே ஏன் கொற சொல்றீங்க என்று கமலவேணி தலையில் அடித்துக்கொண்டாள். முப்பது வருடம் பிரெஞ்சுப் பள்ளியில் இருபதுக்கு மார்க் போட்ட கை இது, பதினாலைத் தாண்டியதில்லை, மிக நன்று என்று போட வரமாட்டேன் என்கிறது.

வாங்கிய அந்த ஒரே ஆள், உங்கள் பிரான்சில் நாந்த் ஊர்ப் பெண்மணி, போன வாரம் எழுதியிருந்தார். புத்தகம் அருமையாக இருக்கிறதாம், இப்படிப் பயமுறுத்தி எழுதியிருக்கிறீர்களே, வேண்டாம் என்று விட்டுவிட இருந்தேன் என்கிறார். சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. நம்ம பொண்ணுக்கும் நீங்க இப்படித்தான மார்க் போட்டீங்க, அதுவும் அதான் உண்மைன்னு நெனச்சிக்கினு போயிடுச்சி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. என் வகுப்பில் நீ எழுதிய கடைசிக் கட்டுரைக்குப் பதின்மூன்று போட்டேன். அந்த வருடம் அதற்கு மேல் நான் யாருக்கும் போடவில்லை சபின், உனக்கு அது தெரியும் என்றே இத்தனை நாள் இருந்துவிட்டேன். அந்தத் தாளை ஆசிரியர் அறையில் ஒவ்வொருவரிடமும் காட்டினேன், வீட்டில்தான் வாயைத் திறக்கவில்லை, தலைக்கனம் வந்துவிடுமோ என்ற பயம். இலக்கியம் வேண்டாம், அக்கவுண்ட்ஸ் படிக்கிறேன் என்று நீ கிளம்பியபோது அது உன் ஆசை என்று நினைத்தேன். இல்லையா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நீ எழுதியது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. புத்தகத்தோட நெலைய இப்பவும் மாத்தலாம் சார், ஒரு வாரம் ஒக்காந்தா போதும் என்கிறாள் கமலவேணி. உன் விஷயத்தில் எங்கே போய் எதை மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாதா உன் கூடவே இருந்து காக்கட்டும். அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள். குளிர் வருமுன் நல்ல கோட்டாக ஒன்று வாங்கிவிடு, போன வருடம் போலத் தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். இந்த வாரம் வைத்துவிடாதே, நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

உன் அப்பா,
எமீல்